வீட்டு வளவுக்குள்ள பைக்கைக் கழட்டி பெயின்ட் அடிக்கிற ஆக்கள் அடிக்கடி கேக்கிற கேள்விகள்

இலங்கையில வாகன இறக்குமதி 2020ல நிண்டு 2025லதான் திரும்பத் திறந்துச்சு. அந்தக் காலம் முழுக்க கிழக்குக் கரையில கல்முனையில இருந்து வாழைச்சேனை மட்டும் எல்லாரும் கையில இருந்த பழைய பல்சர், சீட்டி 100, ஸ்பிளெண்டர், ஹொண்டா சீடி 125 இதுகளத்தான் பார்த்துப் பார்த்து ஓடினம், இப்பவும் புது பைக் விலையக் கேட்டா கனபேருக்கு பழசத் திருத்துறதுதான் கட்டுப்படியாகும். வீட்டுல வெச்சிக் கழட்டப்போற தம்பிமாரும் தங்கச்சிமாரும் திரும்பத் திரும்பக் கேக்கிறத எல்லாம் ஒரே இடத்துல எழுதி வெக்கிறன்.

மேலால உரசி ஒரு கோட் அடிச்சா போதாதா அண்ணே, ஏன் முழுசாக் கழட்டணும்?

நிறம் மங்கினது மட்டும்தான் பிரச்சினை எண்டா போதும், டேங்கையும் சைட் கவரையும் கழட்டி அடிச்சிட்டுப் போகலாம். ஆனா நம்மட ஊர்ல பைக்கைத் திங்கிறது உப்பு. கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, திருக்கோவில் எண்டு கடலுக்கும் ஆத்துக்கும் நடுவுல இருக்கிற ஆக்களுக்கு ராவையில வெளிய விட்ட சீட்ட காலையில தொட்டுப் பார்த்தாலே பிசுபிசுப்புத் தெரியும், அந்த உப்பு மேல தெரியிற இடத்துல பெருசா ஒண்டும் செய்யாது ஏனெண்டா அத மழையும் நாங்க கழுவுற தண்ணியும் கொண்டு போயிரும், டேங்குக்கு அடியில, பெற்றரி வெக்கிற தட்டுக்குக் கீழ, பின் மட்கார்ட் செசியில (பைக்ட இரும்புச் சட்டத்துல) சேருற மூலையில, பின் சில்லப் பிடிக்கிற சுவிங் ஆம்ட அடிப்பக்கத்துல தண்ணி போகாத இடமாப் பார்த்து இருந்துக்கொண்டுதான் அரிக்கும். மீன் பெட்டி கட்டி ஓடுற பைக்கெண்டா ஐஸ் கரைஞ்சு வடியிற உப்புத்தண்ணி நேர கரியர்ற வெல்டிங்லதான் விழும், அத வேற சொல்லத் தேவல்ல.

ஆத்துக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில கடல் இல்லத்தான், ஆனா வயல் சேறும் பசளையும் இருக்கு. யூரியா பேக் ஏத்துற பைக்ட பின்பக்கத்தக் கழட்டிப் பாருங்க, பசளைத் தூள் ஈரத்தோட சேர்ந்தா இரும்ப அரிக்கும். அதால கழட்டுறதுட முதல் வேலை துருவக் கண்டு பிடிக்கிறது, நிறம் எல்லாம் அதுக்குப் பிறகுதான். செசியில கட்டை விரலால அமத்தினா உள்ளுக்க போற மாதிரி இடம் இருந்தா பெயின்ட நிப்பாட்டிட்டு முதல்ல வெல்டிங்காரரட்டக் காட்டுங்க.

எந்த மாசத்துல தொடங்குற?

மாரியில தொடங்காதீங்க. ஒக்டோபர்ல இருந்து ஜனவரி மட்டும் வாடைக்காத்தும் மழையும், காத்துல ஈரம் நிரம்பிக் கிடக்கும், அந்த நேரம் லக்கர் பெயின்ட் அடிச்சா மேல வெள்ளையாப் பூத்துரும். காரணம் இதுதான்: பெயின்ட இளக்கக் கலக்கிற தின்னர் காயும்போது அந்த இடம் சட்டெண்டு குளிரும், குளிர்ந்த இரும்புல காத்துட ஈரம் படியும், அது பெயின்டுக்குள்ள மாட்டிக்கொள்ளும். ஈரப்பதன் 85 வீதத்துக்கு மேல இருந்தா அடிக்கிறதில்ல எண்டுறது பெயின்ட் வேலைக்காரர்ட பொது விதி.

நல்ல காலம் பெப்ரவரிக் கடைசியில இருந்து ஏப்ரல் மட்டும். அதுக்குப் பிறகு கச்சான் காத்து தொடங்கிரும், மே ஜூன்ல சூட்டோட புழுதியையும் அள்ளிக்கொண்டு வரும், அதுலயும் செய்யலாம் ஆனா பெயின்ட் சாமான்ல பட முதலே காத்துலயே காஞ்சு சொரசொரண்டு வரும், கடையில மெதுவாக் காயிற தின்னர் இருக்கா எண்டு கேட்டு வாங்கணும், காத்து எழும்ப முதல் வேலைய முடிக்கணும். நான் சொல்ற நேரம் காலை எட்டரையில இருந்து பதினொண்டு, விடியப் பெஞ்ச பனி நல்லாக் காஞ்சதுக்குப் பிறகு. பின்னேரம் கடல்காத்து உப்போட வரும், அந்த நேரம் கடற்கரைப் பக்க வீடுகள்ல பிறைமர் (நிறத்துக்கு முதல் அடிக்கிற அடிப்பூச்சு) போட்ட சாமான வெளிய வெக்க வேணாம்.

என்னென்ன சாமான் வேணும்?

8ல இருந்து 19 வரைக்கும் ரிங் ஸ்பெனர், சொக்கட் செட், நல்ல ஸ்குரூ டிரைவர், குறடு, ரப்பர் சுத்தியல், எல் கீ. சுத்தியலால அடிச்சிச் சுழட்டுற இம்பெக்ட் டிரைவர் ஒண்டு இரவலாவது வாங்குங்க, ஹொண்டா யமஹா மாதிரி ஜப்பான் பைக்குகள்ட ஸ்குரூத் தலை சாதாரண ஸ்டார் டிரைவருக்குச் சரியாப் பொருந்தாது, வழுக்கித் தலைய வழிச்சுப்போடும். நிழலுக்கு ஒரு தறப்பாள், நிலத்துல விரிக்க ஒரு சாக்கு அல்லது பழைய சாரன். மணல் வளவெண்டா நிலத்துல விரிக்காம தொடங்கவே வேணாம், விழுந்த சின்ன வொஷர் பிறகு கிடைக்காது.

எந்த ஒழுங்குல கழட்டுற?

முதல்ல போட்டோ. எல்லாப் பக்கத்தாலயும், ஹேண்டிலுக்குப் பின்னால வயர் போற வழி, கிளட்ச் வயர் எந்தப் பக்கத்தால சுத்திப் போகுது, எந்தக் கிளிப் எங்க எண்டு தெரியிற மாதிரி. ஒவ்வொரு பகுதிட போல்டையும் தனித்தனி சிப்லொக் பையில போட்டு பேனையால பேர எழுதுங்க, நீட்டுப் போல்டும் கட்டைப் போல்டும் கலந்து வாற கவர் எண்டா ஒரு காட்போட் மட்டையில அந்தக் கவர்ட வடிவத்தக் கீறி போல்டுகள அந்தந்த இடத்துலயே குத்தி வெச்சிருங்க.

பிறகு பெற்றரி. மைனஸ் வயர முதல் கழட்டணும், பூட்டும்போது பிளஸ் முதல் மைனஸ் கடைசி. ஏனெண்டா செசி முழுக்க மைனஸ், பிளஸக் கழட்டும்போது ஸ்பெனர் செசியில பட்டா நெருப்புப் பொறி பறக்கும், பக்கத்துல பெற்றோல் டேங்க் இருக்கு.

இப்ப கனபேர் தவறவிடுற விசயம்: இறுக்கமான நட்டுகள எல்லாம் பைக் நிலத்துல நிக்கும்போதே லேசா இளக்கி வெச்சிருங்க. முன் ஸ்ப்ரொக்கட் (செயின் ஓடுற பல்சில்லு) நட்ட செயினும் பின் சில்லும் பூட்டிக் கிடக்கும்போதே பின் பிரேக்க மிதிச்சுப் பிடிச்சு இளக்கணும், செயினக் கழட்டின பிறகு அது சும்மா சுத்திக்கொண்டே இருக்கும். ரெண்டு எக்சல் நட்டும் அப்பிடித்தான். முன் சொக்ட மேல் மூடியையும் சொக் ஹேண்டில் கிளாம்ப்ல பிடிபட்டுக் கிடக்கும்போதே இளக்குங்க, வெளிய எடுத்தா அதப் பிடிக்க ரெண்டு ஆள் வேணும்.

அதுக்குப் பிறகு சீட், சைட் கவர், டேங்க், ஹெட்லைட் மாஸ்க், மட்கார்ட், சைலன்சர், சில்லுகள் எண்டு போகலாம். டேங்கக் கழட்ட முதல் பெற்றோல் டெப்ப ஓஃப்ல வெச்சி குழாயக் கழட்டி பெற்றோல மூடியுள்ள கேனுக்கு எடுங்க. பெற்றோல் ஆவி காத்த விடப் பாரம், நிலத்தோட ஓடும், குசினி அடுப்பு இருக்கிற பக்கம் காத்து போகுதெண்டா வேற இடத்துல செய்யுங்க. வெறும் டேங்க் நிறைஞ்ச டேங்க விட ஆபத்து, உள்ள இருக்கிறது முழுக்க ஆவிதான், அத வெல்டிங்குக்கோ கிரைண்டருக்கோ அப்பிடியே கொண்டு போகக் கூடாது.

டிஸ்க் பிரேக் இருந்தா கலிப்பரக் கழட்டின பிறகு ஆரும் லீவர அமத்தக் கூடாது, பிஸ்டன் வெளிய வந்துரும். புள்ளைகள் ஓடித் திரியிற வளவெண்டா லீவருக்கும் கிரிப்புக்கும் நடுவுல கட்டையொண்ட வெச்சிக் கட்டி விடுங்க. பிரேக் ஓயில் பெயின்டத் திங்கும், ஒரு துளி பட்டாலும் உடன தண்ணி ஊத்திக் கழுவுங்க. ட்ரம் பிரேக்குக்குள்ள இருக்கிற கறுத்தத் தூள ஊத வேணாம், ஈரத் துணியால துடைங்க, பழைய பிரேக் சூ சிலதுல அஸ்பெஸ்டஸ் இருக்கும்.

ஹேண்டில் கோன் (ஹேண்டில் திரும்புற பெயாரிங்) கழட்டுறது எண்டா கீழ துணிய விரிச்சுப்போட்டு மெதுவா இறக்குங்க, போல்ஸ் கொட்டும், மேல எத்தின கீழ எத்தின எண்டு எண்ணி வெவ்வேற பையில போடுங்க. கிண்ணத்துல குழி விழுந்து கிடந்தா கோன் செட்ட மாத்துறதுதான் சரி, குழியோட கிரீஸ் வெச்சிப் பூட்டினா ஹேண்டில் நேரா வந்த இடத்துல சிக்கும்.

நட்டு துருப்பிடிச்சு அசையவே இல்ல, என்ன செய்யிற?

பலத்தப் போடாதீங்க, நேரத்தப் போடுங்க. கம்பித் தூரிகையால வெளியில தெரியிற மரையத் துப்புரவு செஞ்சி, டபிள்யூடி-40 அல்லது துரு இளக்கிற ஓயில் எதாவது ஊத்தி, சுத்தியலால தலையில சின்னச் சின்னதாத் தட்டி, ஒரு ராத்திரி விடுங்க, காலையில திரும்ப ஊத்துங்க. இளக்கப் போக முதல் ஒருக்கா கொஞ்சம் இறுக்கிப் பாருங்க, துரு உடையிற "டிக்" சத்தம் கேட்டா பிறகு சுகமா வரும். ஆறு பக்க ரிங் அல்லது சொக்கட்தான் போடணும், திறந்த வாய் ஸ்பெனர் மூலைய வழிச்சிரும்.

சூடு காட்டினா இன்னும் நல்லா வரும், ஆனா அந்த ஓயில முழுக்கத் துடைச்சுப்போட்டு, டேங்கும் பெற்றோலும் வளவுட மத்தப் பக்கத்துல இருக்கும்போது மட்டும். திரும்பப் பூட்டும்போது எல்லா மரையிலயும் கொஞ்சம் கொப்பர் கிரீஸ் தடவுங்க, நம்மட காத்துக்கு இது கட்டாயம், பிரேக் சூ, டிஸ்க் கிட்ட மட்டும் வேணாம்.

எஞ்சினையும் இறக்கணுமா?

முதல்தரம் செய்யிற ஆள் எண்டா இறக்க வேணாம் எண்டுதான் நான் சொல்லுவன். எஞ்சின் ஓயில் ஒழுகுது, இல்லாட்டி எஞ்சின் பிடிக்கிற இடத்துச் செசி துருப்பிடிச்சிருக்கு எண்டா இறக்கணும், மத்தப்படி பொலித்தீன் சுத்தி டேப் ஒட்டிப்போட்டு செசிய அடிக்கலாம். கார்ப்பரேட்டர் கழட்டின வாயையும் சைலன்சர் வாயையும் துணியால அடைச்சு மேலால டேப் ஒட்டுங்க, ஒரு மணல் உள்ள போனாலும் பிஸ்டன் கீறும்.

டேங்குக்குள்ள துரு கிடக்கு, புது டேங்க் வாங்கணுமா?

வெளிய இருந்து ஊசியால குத்திப் பாருங்க, ஓட்டை விழாட்டி காப்பாத்தலாம். டெப்பயும் மூடியையும் கழட்டி வாய்கள அடைச்சு, வினாகிரி நிரப்பி ஒரு நாள் ரெண்டு நாள் விட்டுக் குலுக்கி ஊத்துங்க, பிறகு அப்பச்சோடா கரைச்ச தண்ணியால கழுவி புளிப்ப எடுக்கணும், பிறகு நல்ல தண்ணி, பிறகு வெயில்லயும் ஊதுகாத்துலயும் முழுக்கக் காய வெச்சி உடனே உள்ள கொஞ்சம் எஞ்சின் ஓயில் ஊத்திச் சுழட்டி விடுங்க. அந்த உடனே எண்டுறதுதான் முக்கியம், கழுவின இரும்பு நம்மட ஈரத்துல மத்தியானத்துக்குள்ள திரும்ப மஞ்சளாகும். வினாகிரி வெளிப் பெயின்டையும் கெடுக்கும் எண்டபடியா இந்த வேலைய பெயின்டுக்கு முதல் செய்யுங்க.

அண்ணே, நல்ல பெயின்ட்தான் அடிச்சன், ஆறு மாசத்துல கொப்புளம் வந்திருக்கு. ஏன்?

இதுக்குத்தான் நான் இந்தப் பக்கத்தையே எழுதத் தொடங்கின. கொப்புளத்த ஊசியால குத்திப் பார்த்தா உள்ள ஈரம் இருக்கும். பெயின்டுக்கு அடியில உப்பு மாட்டிக்கொண்டா அது வெளிய இருந்து ஈரத்த இழுக்கும், எந்தப் பெயின்டும் முழுக்கத் தண்ணி விடாம நிக்காது, மெல்ல மெல்ல உறிஞ்சி அடியில நீர் கோத்து மேல தள்ளும். கனபேர் செசிய மண்ணெண்ணெயாலயோ தின்னராலயோ துடைச்சா சுத்தமெண்டு நினைக்கிற. அது எண்ணெயத்தான் எடுக்கும், உப்பு அதுல கரையாது, தண்ணியிலதான் கரையும்.

அதால ஒழுங்கு இப்பிடி. மண்ணெண்ணெயும் தூரிகையும் போட்டு கிரீஸ எடு, சவுக்காரத் தூள் போட்டுக் கழுவு, தண்ணி ஊத்திக் கழுவு, பிறகு துருவ உரசு, உரசினதுக்குப் பிறகு திரும்ப ஒருக்கா தண்ணியால கழுவு, ஏனெண்டா துருட குழிக்குள்ள இருந்த உப்பு உரசினாத்தான் வெளிய வரும். எந்தத் தண்ணி எண்டதும் இருக்கு. கடற்கரைப் பக்கம், ஆத்தங்கரைப் பக்கம் கனக்க கிணறு சவர், அந்தத் தண்ணியால கடைசிக் கழுவு கழுவினா எடுத்த உப்ப நீங்களே திரும்ப வெக்கிற மாதிரி. கடைசிக் கழுவு உன்னிச்சைக் குளத்துல இருந்து வாற பைப் தண்ணியில, இல்லாட்டி பிடிச்சு வெச்ச மழைத் தண்ணியில. உடன துடைச்சு வெயில்ல வெச்சி, காஞ்ச உடன தின்னர்த் துணியால ஒருக்கா துடைச்சு, அண்டைக்கே பிறைமர் போட்டுரணும். அந்த நேரம் கையுறை போடுங்க, வேர்வையிலயும் உப்புத்தான்.

பிறைமர்லயும் வித்தியாசம் இருக்கு. சாம்பல் நிறச் சாதாரண பிறைமர் ஈரத்தக் குடிக்கும், அத அடிச்சுப்போட்டு பனியில ஒரு ராத்திரி விட்டா வேலை வீண். வெறும் இரும்புக்கு எப்பொக்சி பிறைமர்தான் பொருத்தம், விலை கூடத்தான், ஆனா காசு மிச்சம் பிடிக்கணுமெண்டா மேல் நிறத்துல பிடியுங்க, இதுல வேணாம்.

எந்த நம்பர் பேப்பர்?

பழைய பெயின்டும் துருவும் எடுக்க 80, 120. பள்ளம் அடைக்கப் பட்டி போட்ட இடத்துக்கு 240, 320. பிறைமருக்கு மேல வோட்டர் பேப்பர் 400, 600. கிளியர் (நிறத்துக்கு மேல அடிக்கிற நிறமில்லாத பூச்சு) காஞ்ச பிறகு பளபளப்புக்கு 1500, 2000, அதுக்குப் பிறகு கொம்பவுண்ட். இடையில நம்பரப் பாஞ்சு போனா முந்தின கீறல் பெயின்டுக்கு மேல தெரியும்.

கேன் ஸ்ப்ரேயா, கொம்பிரசரா?

சைட் கவர், மட்கார்ட், ரிம் இதுகளுக்கு கேன் போதும். ஒரு சாண் கொஞ்சம் கூட, 25 சென்டிமீட்டர் அளவுல பிடிச்சு, சாமானுக்கு வெளிய தொடங்கி வெளியிலயே நிப்பாட்டி, மெல்லிசா மூண்டு நாலு தரம் அடிங்க, ஒரே தரத்துல நிறம் மூடணுமெண்டு நிண்டா வடியும்.

டேங்குக்குத்தான் கரைச்சல். சாதாரண கேன் கிளியர பெற்றோல் கரைச்சிரும், செட்டுல நிரப்பும்போது ஒருக்கா வழிஞ்சா மூடியச் சுத்திச் சுருங்கிப்போகும். டேங்குக்கு ஹார்ட்னர் கலக்கிற டூகே கிளியர்தான் நிக்கும், ஆனா அதுல ஐசோசயனேட் எண்டு ஒரு சாமான் இருக்கு, அதுட ஆவி நெஞ்சுக்குப் பொல்லாத விசம், மணத்தால கண்டு பிடிக்கவும் ஏலாது, ஒருக்கா உடம்புக்கு ஒவ்வாம வந்துட்டா பிறகு கொஞ்சம் பட்டாலும் இழுப்பு வரும். துணி மாஸ்க், கொரோனா மாஸ்க் எல்லாம் இதுக்குச் சரிவராது. என்ட அபிப்பிராயம் நேராச் சொல்றன்: உரசுறது, பிறைமர், நிறம் எல்லாம் வீட்டுல செய்யுங்க, டேங்குட கடைசி கிளியர மட்டும் காத்து உறிஞ்சிற வசதியோட ஒழுங்கான பாதுகாப்பு மாஸ்க் போட்டு அடிக்கிற பெயின்ட் கராஜ்ல குடுங்க. புள்ளை குட்டி இருக்கிற வீட்டு வளவுல டூகே வேணாம்.

பிளாஸ்டிக் கவர்ல பெயின்ட் உரியுது?

கவர்ட உள்பக்கத்துல அச்சடிச்சிருக்கிறதப் பாருங்க. ஏபிஎஸ் எண்டா லேசா உரசிப்போட்டு அடிக்கலாம். பீபீ எண்டா பெயின்ட் ஒட்டாத பிளாஸ்டிக், அதுக்கு பிளாஸ்டிக் பிறைமர் எண்டு தனியா விக்கிறத முதல் அடிக்கணும்.

எல்ஈடி ஹெட்லைட் போடலாமா?

பழைய சின்ன பைக்குகள் கனக்கத்துல ஹெட்லைட் நேர எஞ்சின்ல கரண்ட் உண்டாக்கிற மெக்னெட்ல இருந்து ஏசி கரண்ட்ல எரியிற, அதுல எல்ஈடி போட்டா மினுக்கும், ஆக்சிலேட்டர் குறைச்சா மங்கும். பெற்றரிக் கரண்டுக்கு மாத்திப்போட்டுத்தான் போடணும். ஹலஜன்லயே பெரிய பல்ப் போடுறதெண்டா கணக்குப் பாருங்க: 35 வொட் பல்ப் 12 வோல்ட்ல 3 அம்பியர் அளவு இழுக்கும், 60 வொட் 5 அம்பியர் இழுக்கும், அந்தப் பழைய மெல்லிசு வயரும் சுவிச்சும் சூடாகி உருகும், ரிலே ஒண்டு வெச்சி பெற்றரியில இருந்து தனி வயர் பியூசோட இழுங்க. சிக்னல எல்ஈடி ஆக்கினா பிளாஷரையும் மாத்தணும், இல்லாட்டி படபடண்டு வேகமா அடிக்கும். ஹலஜன் கண்ணாடிக்குள்ள எல்ஈடி போட்டா வெளிச்சம் சிதறி எதிர்ல வாற ஆள்ட கண்ணுல விழும், ராவையில கல்முனை ரோட்டுல லைட் இல்லாத சைக்கிளும் மாடும் வாற இடங்கள்ல இது சின்ன விசயமில்ல, பூட்டின பிறகு ஒரு சுவருக்கு முன்னால நிப்பாட்டி உயரத்தச் சரி பாருங்க.

பெரிய டயர், சின்ன ஸ்ப்ரொக்கட், சத்தம் போடுற சைலன்சர்?

டயர்ல 100/90-17 எண்டு இருந்தா 100 மில்லிமீட்டர் அகலம், அதுல 90 வீதம் உயரம், ரிம் 17 அங்குலம். ஒரு அளவு கூட்டலாம், அதுக்கு மேல போனா ரிம் ஒடுக்கமெண்டபடியா டயர் உருண்டையாப் பிதுங்கி ரோட்டுல படுற இடம் குறையும், செயின்லயும் உரசும். ஸ்ப்ரொக்கட்ல, முன்னுக்கு 14 பின்னுக்கு 42 பல்லெண்டு வெச்சா முன்னுக்கு ஒரு பல் குறைக்கிறதும் பின்னுக்கு மூண்டு பல் கூட்டுறதும் கிட்டத்தட்ட ஒண்டு. வயலுக்கு மூட்டை ஏத்துற ஆளுக்கு இழுவை கூடும், ஏ4 பெரிய ரோட்டுல ஓடுற ஆளுக்கு எஞ்சின் கத்தும், பெற்றோலும் கூடக் குடிக்கும். சைலன்சர் மாத்த வேணாம், பொலிஸ் பிடிக்கும், ஊருக்கும் தொல்லை.

அந்தக் காச நல்ல பிரேக் சூவுக்கும் செயின் செட்டுக்கும் போடுங்க. நான் சொல்ற அப்கிரேட் அதுதான்.

திரும்பப் பூட்டும்போது எதக் கவனிக்கிற?

எர்த். செசிக்கு மைனஸ் வயர் பூட்டுற இடத்துல பெயின்ட் மூடிக் கிடந்தா கரண்ட் போகாது, ஸ்டார்ட்டர் டிக்டிக்கெண்டும், லைட் மங்கும், ஆக்கள் பெற்றரிய மாத்துவாங்க. அந்த ஒரு காசளவு இடத்த இரும்பு தெரியச் சுரண்டி வயரப் பூட்டி மேலால கிரீஸ் தடவுங்க.

இறுக்கம். 6 மில்லிமீட்டர் போல்டுக்கு 10 நியூட்டன் மீட்டர், 8க்கு 22, 10க்கு 34 எண்டது பொதுவான அளவு, எக்சல் நட்டுக்கும் எஞ்சின் ஹெட்டுக்கும் அந்தந்த பைக்ட கையேட்டப் பாருங்க. டோர்க் ரெஞ்ச் இல்லாட்டி 10ம் நம்பர் ஸ்பெனருக்குக் குழாய் போட்டு நீட்டி இறுக்காதீங்க, அலுமினிய மரை வழிஞ்சிரும். கைப்பிடிச்சுப் பூட்டி ரெண்டு மூண்டு சுத்து கையாலயே போன பிறகுதான் ஸ்பெனர்.

வயர் எல்லாம் பூட்டினதும் ஹேண்டில ரெண்டு பக்கமும் முழுக்க வெட்டிப் பாருங்க, ஆக்சிலேட்டர் வயர் இழுபட்டா எஞ்சின் சத்தம் தானா ஏறும். செயின் தொய்வு 25ல இருந்து 35 மில்லிமீட்டர் அளவு, சுவிங் ஆம்ல ஸ்டிக்கர் இருந்தா அதுல எழுதினதுதான் சரி. டிஸ்க் லீவர நிண்ட இடத்துலயே அமத்தி அமத்தி இறுகின பிறகுதான் கியரப் போடணும், முதல் அமத்தல்ல பிரேக் பிடிக்காது. முதல் ஓட்டம் வீட்டு ஒழுங்கைக்குள்ள, திரும்பி வந்து எல்லா நட்டையும் ஒருக்கா தொட்டுப் பாருங்க.

நிறம் மாத்தினா சீஆர்ல மாத்தணுமா?

ஓம். வாகனப் பதிவுச் சான்றிதழ்ல நிறமும் எழுதியிருக்கு, கறுப்பு பைக்க நீலமாக்கினா மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிச்சு மாத்தணும், அடிக்க முதலே கச்சேரியில விசாரிச்சு என்ன பத்திரம் வேணுமெண்டு கேட்டு வைங்க. அதே நிறத்துல திரும்ப அடிச்சா இந்த அலைச்சல் இல்ல. ஹேண்டில் கழுத்துல அடிச்சிருக்கிற செசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் கிரைண்டரால தொடாதீங்க, பட்டி வைக்காதீங்க, அந்த இடத்த டேப்பால மூடிப்போட்டு கடைசியில மெல்லிசா ஒரு கோட் மட்டும் அடிங்க, நம்பர் கண்ணால வாசிக்கக் கூடியதா இருக்கணும். விக்கும்போது வாங்க வாற ஆளும் செக்பொயின்ட்ல பொலிஸும் முதல் குனிஞ்சு பார்க்கிறது அந்த இடத்தத்தான், அதால உரச முதல் ஒண்டு, அடிச்ச பிறகு ஒண்டு எண்டு அந்த நம்பர்ட போட்டோவ போன்ல எடுத்து சீஆர் கொப்பியோட வெச்சிருங்க.